பள்ளிக்கூடத்தை நாமும் விசாரிப்போம்

(தருமபுரியில், ஆசிரியர் பயிற்சி முடித்த தலித், பழங்குடி மாணவர்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலைக்குச் சேருமுன் ஒரு பள்ளிக்கூடத்தின் உள்நிலவரத்தை ஓர் ஆசிரியர் எப்படித் தெரிந்துகொள்வது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கூட்டம் தொடங்குமுன் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "வேலை கிடைக்கிறதே குதிரைக் கொம்பா இருக்கு. இதுல பள்ளிக்கூடத்தை வேற நாம பொறுக்கி எடுக்கணுமாங்க?" நியாயமான கேள்வி. வீட்டில் கடன் இருக்கிறது, தங்கச்சி கல்யாணத்துக்கு நிற்கிறாள், அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். பத்தாயிரம் ரூபாய் தருகிறேன் என்று ஒருவன் கூப்பிட்டால் ஓடத்தான் செய்வோம்.

ஆனால் விசாரிப்பது என்பது வேலையை வேண்டாம் என்று சொல்வதற்காக மட்டும் அல்ல. கிணற்றில் இறங்குகிறவன் ஆழம் பார்த்துக்கொண்டுதான் இறங்குகிறான். தெரிந்துகொண்டு போகிறவனுக்கு நிற்க ஓர் இடம் கிடைக்கும். தெரியாமல் போகிறவன், முதல் அவமானம் வருகிற அன்றைக்கு, 'எனக்குத்தான் ஏதோ குறை போல இருக்கு' என்று நினைத்துக்கொள்வான். நம் பிள்ளைகள் பலர் வேலையை விட்டு வீட்டுக்குத் திரும்பியது இப்படித்தான். அவர்களுக்குத் திறமை இல்லாமல் அல்ல.

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு. மாநிலத்துக்கு 80.09. தமிழ்நாட்டிலேயே கடைசி இடம் தருமபுரிக்கு. இப்படிப்பட்ட ஒரு மாவட்டத்தில், சேரியிலிருந்தும் மலையிலிருந்தும் முதல் தலைமுறையாகப் படித்து ஆசிரியராக வருகிற ஒவ்வொருவரும் விலைமதிப்புள்ளவர்கள். ஒருவர் மனம் உடைந்து திரும்பினால் அது அவர் குடும்பத்துக்கு மட்டுமான நட்டம் இல்லை.

'பணிப் பண்பாடு' என்று மேலாண்மைப் புத்தகங்களில் எழுதுகிறார்கள். நேரத்துக்கு வருகிறார்களா, கூடிப் பேசுகிறார்களா, தலைமை எப்படி என்றெல்லாம் பட்டியல் இருக்கும். அதெல்லாம் தேவைதான். ஆனால் நமக்குப் பண்பாடு என்பது அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. எந்தக் குடத்தில் யார் தண்ணீர் மொள்ளுவது என்பதில் தொடங்குகிறது.

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போனார். கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் தூரத்திலிருந்து வீசினார்கள். தங்க இடம் இல்லை. பார்சிகளின் விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு, 1918இல், பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். மாணவர்கள் அவர் பாடத்தைக் கேட்க விரும்பி வந்தார்கள். உடன் வேலை செய்த பேராசிரியர்களோ, ஆசிரியர் அறையில் இருந்த தண்ணீர்க் குடத்தை அவர் தொடுவதை எதிர்த்தார்கள். உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்த மனிதருக்கே அதுதான் ஆசிரியர் அறை. ஆகவே சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கே என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இது பழங்கதை என்று சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் நம் மாவட்டத்திலேயே போளையம்பள்ளியில், கூலி வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ கொடுத்தார்கள். வழக்குப் பதிவாகி இரண்டு பேர் கைதானார்கள். காட்டில் கொட்டாங்குச்சி என்றால் ஆசிரியர் அறையில் அது வேறு உருவத்தில் இருக்கும். சில இடத்தில் தனி டம்ளர். சில இடத்தில், 'டீச்சர் நீங்க வீட்லயிருந்தே பாட்டில் கொண்டு வந்துடுங்க' என்கிற அன்பான ஆலோசனை.

சரி, எப்படித்தான் பார்ப்பது? முதலில், நேர்முகத் தேர்வு அன்றைக்கு மட்டும் போகாதீர்கள். முடிந்தால் அதற்கு முன்னால் ஒரு நாள், பள்ளி நடக்கிற நாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஊருக்குப் போங்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் தெரிவது வேறு எப்போதும் தெரியாது.

தண்ணீரைப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே குழாயில் குடிக்கிறார்களா? ஒரு பிள்ளை மொண்டு இன்னொரு பிள்ளை கையில் ஊற்றுகிறதா? 1995இல் பக்கத்துச் சேலம் மாவட்டத்தில், கட்டிநாயக்கன்பட்டிப் பள்ளியில், சாதி இந்துப் பிள்ளைகளுக்கு என்று வைத்திருந்த பானையில் தண்ணீர் குடித்ததற்காக ஒரு தலித் சிறுமியை ஆசிரியர் அடித்தார். அந்தக் குழந்தைக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. அடித்தவர் ஓர் ஆசிரியர். அந்தப் பானையைப் பற்றி அந்தப் பள்ளியில் வேலை செய்த மற்றவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கழிப்பறையைப் பாருங்கள். இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, பெண் ஆசிரியருக்குத் தனியாக உண்டா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 2025 சனவரியில் பாலக்கோடு பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பழங்குடிப் பிள்ளைகள் கழிப்பறை கழுவுகிற காட்சி வெளியே வந்து, தலைமையாசிரியர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். 'ஆள் இல்லீங்க, பிள்ளைங்க பழகட்டும்' என்று சமாதானம் சொல்லுவார்கள். பழகட்டும் என்றால் எல்லாப் பிள்ளையும்தானே பழக வேண்டும்? எந்தத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சாப்பாட்டைப் பாருங்கள். சமைக்கிறவர் யார், யார் சாப்பிடாமல் வீட்டுக்கு ஓடுகிறார்கள், ஆசிரியர்கள் அந்தச் சாப்பாட்டை ருசி பார்க்கிறார்களா? 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டது. 2023இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்தில் அதே கதை. அங்கே மாவட்ட ஆட்சியர் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். ஆட்சியர் ஒருநாள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். தினமும் அங்கே இருப்பவர்கள் ஆசிரியர்கள். நீங்கள் போகிற பள்ளியில் அப்படி ஒன்று நடந்தால் ஆசிரியர்கள் சமையல்காரம்மா பக்கம் நிற்பார்களா, ஊர் பக்கம் நிற்பார்களா என்பதை அந்த அம்மாவிடமே கேட்டால் சொல்லிவிடுவார்.

அதன் பிறகு காலனிக்குப் போங்கள். பள்ளியைப் பற்றி ஊரில் கேட்டால் தேர்ச்சி விகிதம் சொல்லுவார்கள். காலனியில் கேட்டால் பள்ளிக்கூடத்தைப் பற்றியே சொல்லுவார்கள். "எங்க வாத்தியார் எங்க தெருவுக்கு வந்திருக்காரா?" என்று ஒரு தாயைக் கேளுங்கள். எட்டாவதோடு நின்ற ஒரு பையனைக் கண்டுபிடித்து ஏன் நின்றான் என்று கேளுங்கள். 'படிப்பு ஏறல' என்பான். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதையும் சொல்லுவான். கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவு, உடல் தண்டனையை மட்டும் தடை செய்யவில்லை. மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது அதிலேயே வந்துவிடும். அதற்கு மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். சட்டப்படி நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அதில் இடம் உண்டு. நடைமுறையில் காலனிப் பெண்ணின் பெயர் இருக்கும், கையெழுத்து வாங்க மட்டும் ஆள் அனுப்புவார்கள். இது வெறும் பள்ளி நிர்வாகச் சங்கதி இல்லை. 2022இல் 13,331 காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு இந்தக் குழுக்கள் வழியாக நிரப்ப அரசு முடிவெடுத்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய் என்று அப்போது தொகுப்பூதியம் வைத்தார்கள். உள்ளூர் ஆதிக்கம் உட்கார்ந்திருக்கிற குழு உங்களுக்கு வேலை கொடுத்தால், அந்தக் குழுவை எதிர்த்து ஒரு பிள்ளைக்காக உங்களால் பேச முடியுமா? வேலை கொடுக்கிற கை எது என்பதும் பணிச்சூழல்தான்.

ஆசிரியர் அறைக்கு வருவோம். நாற்காலிகளைப் பாருங்கள். தலித் ஆசிரியர் இருக்கிறாரா? இருந்தால் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? அவருக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள்? பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு யாருக்கு, நலத்திட்டப் பொருள்களை மூட்டை பிரித்துக் கொடுக்கிற வேலை யாருக்கு? தலித்துகள் துப்புரவுப் பணியில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் பேசுகிற சொல்லையும் கவனியுங்கள். 2012 நவம்பர் 7 அன்று நாய்க்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் சாதி தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டதற்கு மூன்று சேரிகளுக்குத் தண்டனை. அடுத்த ஆண்டு அந்த இளைஞனின் உடல் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது. நம் மாவட்டத்தில் எந்தப் பள்ளியிலும் இதைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். 'அந்தப் பிரச்சினை' என்பார் ஒருவர். 'ரெண்டு பக்கமும் தப்பு' என்பார் இன்னொருவர். 'வீட்டை எரிச்சாங்க' என்று எழுவாய் வைத்துப் பேசுகிற ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் தோழர் அவர்தான்.

அரூர் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. வாச்சாத்தியில் 1992 சூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் என்ன செய்தார்கள் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2011இல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதற்குப் பிறகும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, 'அவங்க சந்தனக்கட்டை கடத்தினவங்கதானே' என்று ஒருவர் பேசினால், அவர் வகுப்பில் ஒரு மலையாளிப் பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2024 சூனில் அறிக்கை கொடுத்தார். ஒரு பகுதியில் ஆதிக்கமாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அந்தப் பகுதியிலேயே தலைமையாசிரியராக, கல்வி அதிகாரியாகப் போட வேண்டாம் என்றார். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றார். கையில் சாதிக் கயிறு கூடாது என்றார். அரசு எதை எப்போது செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். அந்தப் பரிந்துரைகளை நாம் ஒரு கேள்வித்தாளாக எடுத்துக்கொள்ளலாம். தலைமையாசிரியர் எத்தனை ஆண்டாக அதே ஊரில் இருக்கிறார்? பதிவேட்டில் என்ன இருக்கிறது? பிள்ளைகள் கையில் என்ன நிறக் கயிறு? மூன்றையும் வாசலில் நின்றே பார்த்துவிடலாம்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. வசதிக் குறைவையும் சாதிக் கெடுதலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கலந்தாய்வில் திரையில் ஓர் ஊர்ப் பெயர் ஆண்டுதோறும் காலியாகவே வருகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். அந்தத் தலைமையாசிரியரிடம் ஒருவரும் தாக்குப்பிடிக்கவில்லை என்பது ஒன்று. பஸ் இல்லை என்பது இன்னொன்று. தேர்தல் வந்தால் கழுதை முதுகில் வாக்கு இயந்திரம் ஏற்றிப் போன கோட்டூர் மலை போன்ற இடங்கள் இரண்டாவது வகை. அங்கே ஓட்டுக் கட்டடமாக இருக்கும். ஆனால் தாய்மார்கள் வாத்தியாருக்குச் சாமைச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற இடமாகவும் அது இருக்கலாம். பளபளவென்று கண்ணாடி போட்ட தனியார் பள்ளியில் உங்களை வாசலிலேயே நிறுத்தி, எந்த ஊர் என்று கேட்டு, ஊருக்குள்ளேயா காலனியிலேயா என்றும் கேட்கலாம். முதலாவது கஷ்டம். இரண்டாவது இழிவு. கஷ்டத்துக்குப் பயப்படாதீர்கள், இழிவுக்குப் பழகாதீர்கள்.

தனியார் பள்ளி என்று சொன்னேன். படித்து வருகிற நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு முதல் வேலை அங்கேதான். அங்கே என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அசல் சான்றிதழைக் கேட்டால் கொடுக்காதீர்கள். 'எல்லாரும் குடுத்திருக்காங்க' என்பார்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் தரலாம். அசல் அவர்கள் பீரோவில் போனால் நீங்களும் உள்ளே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, அதை யாரும் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் அப்பன் பாட்டன் பண்ணையில் கைநாட்டு வைத்து மாட்டிக்கொண்டான். பட்டம் வாங்கிய நாம் அதே பட்டத்தை வைத்து மாட்டிக்கொள்ளக் கூடாது.

நியமனக் கடிதம் எழுத்தில் தருவார்களா? மே மாதத்துக்குச் சம்பளம் உண்டா? வங்கியில் போடுகிறார்களா, ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேறு தொகை கொடுக்கிறார்களா? 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் வருங்கால வைப்பு நிதி பிடிக்க வேண்டும், பிடிக்கிறார்களா? கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய் ஆள் பிடிக்கச் சொல்வார்களா, இத்தனை சேர்க்கை கொண்டு வந்தால்தான் சம்பளம் என்று உண்டா? விடுதிப் பள்ளி என்றால் இரவுப் படிப்பை மேற்பார்க்கிற வேலை யாருக்கு, எத்தனை மணி வரை? இவற்றை முதலாளியிடம் கேட்காதீர்கள். போன ஆண்டு அங்கிருந்து விலகிய ஆசிரியரிடம் கேளுங்கள். விலகியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே பாதி பதில்.

மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லுவார்கள். அது அவர்கள் உங்களைப் பார்க்கிற நேரம் மட்டும் இல்லை, நீங்கள் அந்த வகுப்பைப் பார்க்கிற நேரமும்கூட. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாமல் போகட்டும். அந்தப் பிள்ளை எழுந்து நிற்கிற விதத்தைப் பாருங்கள். அடி விழும் என்று தோள் சுருங்குகிறதா, இல்லை சிரித்துக்கொண்டு 'தெரியல மிஸ்' என்கிறதா? உடனே மற்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பின்னால் நிற்கிற முதல்வரின் முகம் எப்படிப் போகிறது? எந்த விளம்பரப் பலகையும் சொல்லாததை அந்தப் பிள்ளையின் தோள் சொல்லும்.

குடியிருக்க வீடு கிடைக்குமா என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே விசாரித்துவிடுங்கள். பரோடாவில் அண்ணலுக்கு நடந்தது இன்றைக்கும் நம் ஆசிரியைகளுக்கு நடக்கிறது. 'வீடு காலி இல்லீங்க டீச்சர், நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்தாங்க.' தினம் இரண்டு பஸ் மாறி வந்துபோகிற ஆசிரியையைப் பார்த்து 'நேரத்துக்கு வர்றதில்ல' என்று குறிப்பு எழுதுகிறார்கள். வீடு கொடுக்காத ஊரும் குறிப்பு எழுதுகிற பள்ளியும் ஒரே ஆள்தான்.

இவ்வளவும் பார்த்தபிறகு, அந்தப் பள்ளி மோசம் என்றே தெரிகிறது. ஆனால் போயே ஆக வேண்டும், அடுப்பு எரிய வேண்டும். அப்போது என்ன செய்வது? போங்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள். பார்த்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். நியமனக் கடிதத்தின் நகலை வீட்டில் வையுங்கள். அந்த வட்டாரத்தில் உள்ள இயக்கத் தோழர் ஒருவருக்கும், ஆசிரியர் சங்கத்துக்காரர் ஒருவருக்கும் நீங்கள் சேர்ந்திருப்பதைச் சொல்லிவையுங்கள். முதல் வாரத்திலேயே காலனிக்குப் போய்ப் பெற்றோரைப் பாருங்கள். உங்களுக்கு ஒரு தொல்லை வந்தால் முதலில் எழுந்து வரப்போவது அவர்கள்தான். எது வந்தாலும் ஒரு வேலையை மட்டும் செய்ய மறுத்துவிடுங்கள்: பிள்ளைகளைத் தெரு பார்த்துப் பிரிக்கிற வேலை. அதில் ஒருமுறை கை வைத்தால், பிறகு அந்தப் பள்ளியைப் பற்றிப் பேச நமக்கு வாய் இருக்காது.

இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாக விசாரித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. தருமபுரி, நல்லம்பள்ளி, பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று ஏழு வட்டம். வட்டத்துக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால், எந்தப் பள்ளியில் தண்ணீர் எப்படி, துடைப்பம் யார் கையில், சம்பளம் எப்படி, யார் ஏன் விலகினார்கள் என்று ஒரு நோட்டுப் போட்டுவிடலாம். வகுப்பறை எத்தனை, கழிப்பறை எத்தனை என்பதை அரசின் பள்ளித் தகவல் தளத்திலேயே பார்க்கலாம். அதில் வராததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சட்டத்தாலும் கிடைக்காததைக் காலனித் திண்ணையில் கேட்கலாம். அடுத்த ஆண்டு கலந்தாய்வுக்குப் போகிற தம்பிக்கும் தங்கைக்கும் அந்த நோட்டு கையில் இருக்க வேண்டும்.

இந்த அறையில் இருக்கிறவர்களில் சிலர் நாளைக்குத் தலைமையாசிரியர் ஆவீர்கள். அன்றைக்கு உங்கள் பள்ளிக்கும் ஒரு புது ஆசிரியர் வருவார். நம்மைவிடக் கீழே தள்ளப்பட்ட ஓர் அருந்ததியர் வீட்டிலிருந்தோ, ஓர் இருளர் வீட்டிலிருந்தோ வருவார். அவர் கையிலும் இதே கேள்விகள் இருக்கும். நம் பள்ளியில் தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது என்று அவர் பார்ப்பார். பார்க்கட்டும்.

ஜெய்பீம்.